இசை ஆசிரியை அல்ல, மைக்குக்காரி

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கப் போவதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்க்கச் சொல்லி உன் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருந்தாய். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை, பக்கத்து வீட்டு டீச்சர்தான் பெரிதாக்கிக் காட்டினாள். உன் அப்பா காலமாகி வருஷங்கள் ஆகின்றன, 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்தாய், சரி. அவர் பெயருக்குப் பக்கத்தில் 'எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்' என்று இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'ஓய்வுபெற்ற இசை ஆசிரியை'. எந்தப் பள்ளிக்கூடத்தில், ராசா? நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தது நிஜம்தான். சத்துணவுக் கூடத்தில் சோறு வடித்தேன், பாத்திரம் தேய்த்தேன். அங்கே நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, தட்டைக் கழுவிவிட்டுப் போ என்று. பெரிதாக்கிக் காட்டிய டீச்சர் என்னைப் பார்த்தாள், நான் டீச்சரைப் பார்த்தேன். 

ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையில் எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஆண்டு விழா. குழுவை நடத்துகிறவள் சகாயமேரி, கீபோர்டும் அவள்தான் வாசிக்கிறாள். விழா மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டாள். அனுபவம் என்று பேனாவை எடுத்தால் உன் முகம்தான் குறுக்கே வந்து நிற்கிறது. அதனால் உனக்கே எழுதிவிட்டேன். மலரில் இதுதான் வரப்போகிறது. உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஒட்டி மூடித் தபாலில் மட்டும் அனுப்பினால் நீ அதை மூடியபடியே அலமாரியில் போட்டுவிடுவாய், அச்சில் வந்தால் அப்படிச் செய்ய முடியாது. மலர் வெளிவருமுன் முதல் பிரதி உனக்கு. அந்த மரியாதையாவது நான் செய்ய வேண்டும் அல்லவா?

நிச்சயதார்த்தத்தை முதலில் பேசுவோம். தஞ்சாவூரில், மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாய். "அம்மா, உனக்குத் தொண்டையில சின்ன ஆபரேஷன் ஆயிருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டார்னு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றாய். ஏன்டா என்று கேட்டேன். "உன் குரலைக் கேட்டா, இது என்ன ஆம்பளைக் குரலா இருக்குன்னு கேப்பாங்க. அங்கேருந்து நீ பாடின அந்த வீடியோ, அந்த மேடை, எல்லாம் வெளிய வரும். வேணாம்மா." பட்டுப் புடவை கட்டிய ஊமையாக அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா வெந்நீரில் கல்கண்டு போட்டுக் கொண்டுவந்து, "தொண்டைக்கு இதமா இருக்கும், குடிங்க" என்று கையில் கொடுத்தார். நல்ல மனுஷி. அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு வாயில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வெந்நீரைக் குடித்து முடிக்கும்வரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடையில் நான் வாங்காத பேச்சில்லை. ஆனால் யாரும் என் வாயைக் கட்டி உட்கார வைத்ததில்லை, நீதான் வைத்தாய்.

அதோடு விட்டாயா? போன வாரம் போன் செய்தாய். "ஞாயித்துக்கிழமை கச்சேரியை கேன்சல் பண்ணிடும்மா. பொண்ணு வீட்டுச் சொந்தக்காரங்க பாதிப் பேர் மயிலாடுதுறையிலதான் இருக்காங்க. நீ பாடித்தான் ஆகணும்னா, கல்யாணத்துக்கு நீ வர்றதைப் பத்தி நான் யோசிக்கணும்." கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லாரும் சொன்ன பிறகு பிறந்தவன் நீ. உன்னைப் பெற்றவள் உன் கல்யாணத்துக்கு வரலாமா என்று நீ யோசிக்கணும். யோசி. யோசிப்பதற்கு உனக்குக் கொஞ்சம் சரக்கு வேண்டும். என் கதை உனக்குத் தெரியாது, ஒருநாளும் நீ கேட்டதில்லை. நாலாம் வகுப்பில் பையன்கள் மூடிய கையை உதட்டருகே வைத்து முத்தமிடுவதுபோல் காட்டி, "மைக்குக்காரி மவன்" என்று கேலி செய்தார்கள். நீ அழுதுகொண்டே வந்தாய். உன் அப்பா உன்னை மடியில் உட்காரவைத்து என்ன ஏது என்று சொல்ல ஆரம்பித்தார். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டாய். சின்னப் பிள்ளை, போகட்டும் என்று விட்டோம். இப்போது நீ சின்னப் பிள்ளை இல்லை.

குடவாசல் பக்கத்தில் எங்கள் தெருவில் ஆணும் பெண்ணும் மிராசுதார் வயலில்தான் கூலி. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை பாடினால் உச்சத்தில் பாட வேண்டும், அப்போதுதான் குயில் என்பார்கள். எனக்கு அடிக்குரல். நடவில் நான் பாடினால் பக்கத்தில் குனிந்து நிற்கிறவளுக்குக் கேட்கும், வரப்பில் நிற்கிறவருக்குக் கேட்காது. ஆட்சி புதிதாக மாறியிருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் பொதுக்கூட்டம். வருவதாகச் சொன்ன நேரத்துக்குத் தலைவர் வந்ததாகச் சரித்திரம் இல்லை. எப்போது வருவார் என்று கடவுளைக் கேட்கலாம் என்றால் கடவுளை நம்பாதவர்கள் நடத்துகிற கூட்டம். அதுவரை சனம் கலையாமல் இருக்க மேடையில் ஒரு பாட்டுக் குழுவை ஏற்றிவிடுவார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பாட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். நம் தெருவில் ஒரு பொண்ணு பாடும் என்று யாரோ சொல்லி என்னைப் பிடித்து மேலே தள்ளிவிட்டார்கள். மற்றவர்களைப் பார்த்து நானும் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாடினேன். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு. அப்போது மைக் செட்டுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள், "பக்கத்துல வாங்க" என்றார். போனேன். "இன்னும் பக்கத்துல. கத்தாதீங்க. காதுல ரகசியம் சொல்ற மாதிரி பாடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்." உதடு மைக்கில் பட்டும் படாமலும் பாடினேன். நாலு தென்னை மரத்திலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களில் என் குரல் வந்தபோது, இது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. சிரித்த கூட்டம் அசையவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் உன் அப்பா. கான்ட்ராக்டர் இல்லை. மைக் செட்காரர். இந்த ஜில்லாவிலேயே நல்ல மைக் செட்காரர்.

பிறகு இரண்டு மூன்று வருஷம் நான் தரையில் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள். திருவாரூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணித் திருவிழா என்று எங்கெங்கோ கூப்பிட்டார்கள். தலைவர் மேடை ஏறி உட்கார்ந்த பிறகும், "அந்தப் பொண்ணு இன்னொண்ணு பாடட்டும்" என்று கூட்டம் குரல் கொடுத்தது உண்டு. தலைவருக்கு முகம் சுருங்கிவிடும். கூடவே கெட்ட பெயரும் வந்தது. ஒரு பெண் அத்தனை பேர் முன்னால் மைக்கில் வாயை வைத்துக்கொண்டு கொஞ்சுகிறாளே என்றார்கள். மைக்குக்கு முத்தம் கொடுக்கிறவள் என்றார்கள். அப்படிச் சொன்ன ஆண்கள் அடுத்த ஊரிலும் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். என் அம்மா அழுதாள். நான் அழவில்லை. கத்திப் பாடினால் கற்பு, மெல்லப் பாடினால் இல்லை என்கிற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீ என் குரலை மறைக்கச் சொன்னபோது அந்த முன்வரிசை ஆண்களில் ஒருவனாகத்தான் எனக்குத் தெரிந்தாய். படித்த ஆள், நல்ல சட்டை போட்ட ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நீ கேட்கவே விரும்பாத இடத்துக்கு வருகிறேன். ஒரு தை மாதம் அறுவடைக் கூலியில் தகராறு. அறுத்துக் கட்டிக் களம் சேர்ப்பதற்கு எங்கள் ஆட்கள் கூட அரை மரக்கால் நெல் கேட்டார்கள். மிராசுதார் முடியாது என்றார். எங்கள் தெரு வயலில் இறங்கவில்லை. கதிர் முற்றிக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் தெற்கேயிருந்து லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். இங்கே இருந்தவர்கள் எல்லாம் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். பாவம், அவர்களும் வயிற்றுக்கு வந்தவர்கள்தான், நம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரத்தில் அவர் மகனுக்குக் கல்யாணம். அவர் வீட்டுக் காரியத்துக்கு எங்கள் தெருவிலிருந்து யாரும் போவதில்லை, பந்தல்கால் நடக்கூட ஆள் போவதில்லை என்று விவசாயக் கூலிகள் சங்கத்தில் முடிவு. அப்போதுதான் மிராசுதாருக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணத்துக்கு அப்போது நான் பாடிக்கொண்டிருந்த பாட்டுக் குழுவை ஏற்பாடு செய்து, அந்தத் தெருப் பொண்ணு கட்டாயம் பாட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பந்தலில் கட்ட வேண்டிய குழாய்களில் பாதியை எங்கள் தெரு முனைவரைக்கும் வயல் ஓரமாக வயர் இழுத்துக் கட்டச் சொன்னார். தெரு பட்டினி கிடக்க, அவர் வீட்டு விருந்தில் அந்தத் தெருப் பெண்ணே பாடுவதை எல்லாரும் கேட்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

நான் போனேன். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிற நேரம். தெரு வழியாகப் போகும்போது ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் சின்னம்மா கீழே துப்பினாள். மேடையில் ஏறி உன் அப்பாவைப் பார்த்தேன். "என்ன பாடப் போறீங்க?" என்றார். சொன்னேன். வயர் எங்கெல்லாம் போகிறது என்று அவருக்குத்தான் தெரியும். பெட்டியில் சத்தத் திருகைக் கடைசிவரைக்கும் திருப்பிவிட்டு, "பக்கத்துல வந்து பாடுங்க. நான் தொடமாட்டேன்" என்றார். எல்லாருக்கும் பழக்கமான ஒரு நடவு மெட்டில், எப்போதும்போல மெல்ல ஆரம்பித்தேன். இங்கே வருஷாவருஷம் அறுக்கிறவர்கள் இன்னார், அவர்கள் கேட்ட கூலி இவ்வளவு, கேட்டதற்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், நம்பி வந்த மக்களே உங்களுக்கு என்ன சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்று பாடினேன். பந்தலில் இருந்தவர்கள் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார்கள். மெட்டு இனிமையாக இருந்தது, வார்த்தையை யார் கவனித்தார்கள்? ஆனால் வயலில் கவனித்தார்கள். அவர்கள் அறுத்துக்கொண்டிருந்த வயலோரத்து மரத்தில்தானே குழாய் கட்டியிருந்தது. முதலில் ஒரு பெண் நிமிர்ந்தாளாம். பிறகு வரிசையாக நிமிர்ந்து, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பேறி, பாட்டு வருகிற குழாயின் கீழே வந்து நின்றார்களாம். என் சின்னம்மாதான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் லாரி திரும்பிப் போய்விட்டது. தாசில்தார் வந்து உட்கார்ந்து பேசி, கேட்டதில் பாதி கிடைத்தது. இதை ஒரு பெரிய வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். பாதிதான்.

உன் அப்பாவின் பெட்டியை உலக்கையால் அடித்து நொறுக்கினார்கள். குழாய்கள் வாய்க்காலில் மிதந்தன. எனக்குக் கிடைத்த அடியைப் பற்றி எழுதப் போவதில்லை. அதைவிடப் பெரிய அடி பிற்பாடு விழுந்தது. மிராசுதார் அதற்குள் ஆளுங்கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், அதனால் கட்சி மேடை எனக்குக் கிடையாது. சங்க மேடைக்குப் போனேன். அவர்களுக்காகப் பாடி அடி வாங்கினவள் அல்லவா? "தோழர், உங்க குரல்ல கொஞ்சல் இருக்கு. போராட்டத்துக்கு வீரம் வேணும்" என்றார்கள். லாரியைத் திருப்பி அனுப்பியது எந்தக் குரல் என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு அந்த மேடையும் இல்லை. எங்கள் குழுவில் குயில் மாதிரி பாடுகிற வேறு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள். நானும் உன் அப்பாவும் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் குடவாசல் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்தார், நான் நடவுக்குப் போனேன், பிறகு சத்துணவுக் கூடம். எத்தனை வருஷம் என்று எண்ண எனக்கு மனமில்லை. உன்னைத் தூங்கவைக்கக்கூட நான் வாய்விட்டுப் பாடியது கிடையாது. அந்த அளவுக்குக் கசந்து போயிருந்தேன். இப்படிப்பட்ட கடிதங்களில் பெற்றவர்கள் கடைசியில் ஏதாவது தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். நானும் தேடிப் பார்த்தேன். நீ தேடாதே, இதில் இல்லை.

மறுபடி பாட வந்தது என் திட்டம் இல்லை. பள்ளித் தலைமையாசிரியைக்குப் பிரிவுபசார விழா நடந்தபோது யாரோ விளையாட்டுக்கு மைக்கை என் கையில் திணித்தார்கள். பாடிவிட்டேன். யாரோ போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். சகாயமேரி வேளாங்கண்ணியிலிருந்து தேடிக்கொண்டு வந்து நின்றாள். இப்போது முட்டி வலிக்கிறது, நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பாடுகிறேன். குரல் இன்னும் கீழே இறங்கிவிட்டது. எங்கள் குழுவில் பதினெட்டு வயதுப் பெண்கள் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துப் பாடுகிறார்கள், எல்லாரும் கைதட்டுகிறார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு அவர்கள்மேல் வாஞ்சையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. மயிலாடுதுறையில் முதல் கச்சேரி முடிந்ததும் கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்து, "நீங்க பாடுறதை நான் அப்பவே ரசிச்சிருக்கேம்மா" என்றார். அப்பவே ரசித்தவர் அப்பவே வாயைத் திறந்திருக்கலாம். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். எனக்குப் பெயர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். வயதான பெண்கள் முந்தானையில் சுண்டலை முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்து, முழங்காலைத் தட்டித் தாளம் போடுகிறார்களே, அது வேண்டும். கெஞ்சிக் கேட்கவில்லை. அது என்னுடையது, பிடுங்கிக்கொண்டார்கள், திரும்ப வாங்கிவிட்டேன். நீ வந்து மறுபடி பிடுங்கப் பார்க்கிறாய்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பொண்ணு முந்தாநாள் இங்கே வந்தது. உனக்குத் தெரியாது. தஞ்சாவூரில் பஸ் ஏறித் தனியாக வந்து, வீடு விசாரித்துக்கொண்டு வாசலில் நின்றது. நிச்சயதார்த்தத்தன்று கை கழுவுகிற இடத்தில் ஒரு குழந்தை ஈரத்தில் ஓடியது. "விழுந்துடாத கண்ணு" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். பின்னால் அவள் நின்றிருக்கிறாள். அந்த வீடியோவை விடுதியில் இருந்த காலத்திலிருந்தே கேட்கிறவளாம், குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டதாம். நேராகவே கேட்டாள். "அத்தை, உங்களுக்கு ஆபரேஷன் ஆச்சா?" இல்லம்மா என்றேன். "நீங்க மியூசிக் டீச்சரா?" இல்லம்மா. "அப்ப அவர் ஏன் அப்படிச் சொன்னார்?" அதை அவனிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "பெத்த அம்மாவையே மறைச்சவர் என்கிட்ட இன்னும் என்னென்ன மறைச்சிருப்பார், அத்தை?" என்றாள். நாங்கள் வைத்த தமிழ்ப் பெயரை ஆபீசில் பாதியாக வெட்டி வேறு மாதிரி கூப்பிட வைத்திருக்கிறாயே, அது ஞாபகம் வந்தது. எங்கள் தெருவின் பெயரைப் பத்திரிகையில் போடாமல் மெயின் ரோடு என்று போட்டிருக்கிறாயே, அதுவும் வந்தது. உனக்காகப் பரிந்து பேச வாயைத் திறந்தேன். நல்ல பிள்ளைம்மா, கெட்டிக்காரன், அப்பா போன பிறகு என்னைக் கைவிடாதவன் என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அத்தனையும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லையே. தம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். எனக்கு நெஞ்சு வலித்தது, உனக்காகத்தான் வலித்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் உன்னைப் பார்க்கச் சென்னைக்கு வருகிறாள். அவள் அப்பா அம்மாவுக்கு இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, முதலில் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்லப் போகிறாளாம். நீ எனக்குக் கொடுக்காத மரியாதையை அவள் உனக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் கேட்கும் முன்னால் நீயே சொல்லிவிடு. நான் யார், உன் அப்பா யார், எந்தத் தெரு, எல்லாவற்றையும். இதையெல்லாம் உனக்குக் கடிதமாக எழுதி மலரில் போடலாமா என்று அவளிடமே கேட்டேன். "போடுங்க அத்தை" என்றாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அவரா எல்லாத்தையும் சொல்லிட்டார்னா ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உங்க கச்சேரிக்கு வர்றோம். சொல்லலேன்னா நான் மட்டும் வர்றேன்." நான் பாடுவது முடிவான விஷயம், அதில் உன் யோசனைக்கு வேலை இல்லை. முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லி சகாயமேரியிடம் சொல்லியிருக்கிறேன். அது காலியாகவே இருந்தாலும் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.